முகவரி வேறு, விற்பனை வேறு

ஆடிப் பதினெட்டு அன்று கடையில் பூஜை போட்டு, அந்த வருஷத்து விலைப்பட்டியலை வெளியிட்டுத் தீபாவளி விற்பனையைத் தொடங்குவது சிவகாசி வட்டாரப் பட்டாசு வியாபாரிகளின் வழக்கம். 2025இல் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3 அன்று வந்தது; தீபாவளி அக்டோபர் 20 அன்று. இடையில் 78 நாள். சில்லறைக் கடைக்காரருக்கு அந்த 78 நாள்தான் வருஷமே. மற்ற மாதங்களில் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் கேட்டு வருகிற சொற்ப வியாபாரம் மட்டுமே உண்டு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை என்று நீளும் இந்த வட்டாரத்துக் கடைகளைத் தேடி வெளியூரிலிருந்து வண்டி பிடித்து வருகிறவர்கள் முன்பெல்லாம் டீக்கடையில் நின்று வழி கேட்டார்கள். இப்போது கைப்பேசி வரைபடத்தைக் கேட்கிறார்கள். அந்த வரைபடத்தில் ஒரு கடையின் பெயர் பருவத்தின் நடுவில் காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கடை நின்ற இடத்தில் நிற்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, கண்ணாடிச் சட்டத்துக்குள் உரிமம் சுவரில் தொங்குகிறது. ஆனால் சாத்தூர் தாண்டி வரும் வண்டிக்கு அப்படி ஒரு கடையே கிடையாது. இணையப் பதிவு முடக்கம் என்பது இதுதான். பட்டாசை இணையத்தில் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கும் நிலையில், பட்டாசுக் கடையின் பதிவை ஒரு நிறுவனம் முடக்கினால் அதைக் குறை சொல்ல இடமுண்டா? உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். கடை இருக்கும் இடத்தைச் சொல்வது ஒன்று. பொருளை இணையத்தில் விற்பது இன்னொன்று. இந்த இரண்டையும் நிறுவனங்களும் வியாபாரிகளும் ஒருசேரக் குழப்பிக்கொண்டதால் உரிமம் வாங்கிய கடைக்காரரும் வாங்க வருகிறவரும் ஒன்றாகவே பாதிக்கப்படுகிறார்கள்.

முடக்கம் எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கூகுள் நிறுவனம் 2021 நவம்பர் வரை ‘மை பிசினஸ்’ என்றும் அதன் பிறகு ‘பிசினஸ் ப்ரொஃபைல்’ என்றும் அழைக்கும் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம், படங்கள், வாடிக்கையாளர் கருத்துகள் எல்லாம் அதில் அடங்கும். முடக்கம் இரண்டு விதமாக வருகிறது. சில சமயம் பதிவு வரைபடத்தில் இருக்கும், உரிமையாளருக்கு அதன்மேல் பிடி இருக்காது. நேரத்தை மாற்றவோ கருத்துக்குப் பதில் எழுதவோ முடியாது. சில சமயம் பல வருஷமாகச் சேர்ந்த கருத்துகளோடு பதிவு மொத்தமாக மறைந்துவிடும். வருகிற மின்னஞ்சலில் ‘ஏமாற்றும் உள்ளடக்கமும் நடத்தையும்’ என்பதுபோன்ற ஒரு பொதுத் தலைப்பு இருக்கும். எந்தச் சொல் ஏமாற்றுகிறது, எந்தப் படம் தவறு, முகவரியில் என்ன கோளாறு என்று அது சொல்லாது. நிறுவனத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. 2023இல் மட்டும் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட போலிப் பதிவுகளையும், விதிமீறிய 17 கோடிக்கும் மேற்பட்ட கருத்துகளையும் தடுத்ததாக அல்லது நீக்கியதாக கூகுள் அறிவித்தது. இந்த எண்ணிக்கையை மனிதர் கையால் சலிக்க முடியாது, இயந்திரம்தான் சலிக்கிறது. சல்லடையின் கண் சிறுத்தால் உமியோடு நெல்லும் தங்கிவிடும். இந்த வட்டாரத்துப் பட்டாசுக் கடைகள் அப்படித் தங்கிப்போவதற்கு, அவற்றின் தொழிலிலேயே சில காரணங்கள் இருக்கின்றன.

பெயரில் தொடங்கலாம். பெயர்ப்பலகையில் என்ன இருக்கிறதோ அதுவே பதிவிலும் இருக்க வேண்டும், கூடுதலாக ஒரு சொல்லும் கூடாது என்பது கூகுளின் விதி. நம் கடைக்காரர் ‘சிவகாசி பட்டாசு மொத்த விலை ஃபேக்டரி அவுட்லெட்’ என்று வாலைச் சேர்க்கிறார். ஏழாயிரம்பண்ணையில் இருக்கும் கடைக்கு ‘சிவகாசி’ என்ற சொல் ஏன் என்று கேட்பது எளிது. 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் காலத்திலிருந்து ஒரு நூற்றாண்டாகச் சேர்ந்த பெயர் அது. சென்னையிலோ கோவையிலோ இருந்து தேடுகிறவர் ஏழாயிரம்பண்ணை என்று தட்டச்சு செய்ய மாட்டார். வியாபாரியின் கணக்கு புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் அது விதிமீறிய பெயர், அந்த அளவில் முடக்கம் சரி. அடுத்தது, ஒரே கூரைக்கு மூன்று பெயர். அண்ணன் பெயரில் ஒரு பதிவு, தம்பி பெயரில் ஒன்று, இணையதளத்தின் பெயரில் இன்னொன்று. மூன்றுக்கும் ஒரே தொலைபேசி எண். தேடலில் மேலே வரப் பக்கத்துக் கடைக்காரர் செய்வதைப் பார்த்து இவரும் செய்கிறார். இதற்கும் நியாயம் கற்பிக்க முடியாது.

முகவரி விஷயத்தில் மட்டும் வியாபாரி மேல் குற்றம் இல்லை. வெடிபொருள் விதிகள் பட்டாசைக் குடியிருப்புகளிலிருந்து விலக்கி வைக்கச் சொல்கின்றன. அதனால் கிட்டங்கியும் அதை ஒட்டிய கடையும் ஊருக்கு வெளியே புஞ்சைக் காட்டில் போய் நிற்கின்றன. அங்கே தெருப்பெயர் கிடையாது, கதவு எண் கிடையாது. உரிமத்தில் இருப்பது புல எண். உரிமத்தோடு ஒப்புதல் பெற்ற வரைபடம் ஒன்று இணைந்திருக்கும். அதில் கட்டடத்தின் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் சாலைக்கு இத்தனை மீட்டர், அடுத்த கட்டடத்துக்கு இத்தனை மீட்டர் என்று அளந்து போட்டிருப்பார்கள். இடத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் ஆவணம் வேறு எந்தச் சில்லறைக் கடையிடமும் இருக்காது. ஆனால் இயந்திரம் கேட்பது தெருவும் எண்ணும். ஜிஎஸ்டி சான்றிதழில் ஊரும் ஊராட்சியும் இருக்கும். மின் இணைப்பு காலமான அப்பா பெயரிலோ நிலத்துக்காரர் பெயரிலோ இருக்கும். ஒரே கடை, மூன்று தாள், மூன்று முகவரி. ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் இதற்கு மேல் ஒரு சிக்கல். ‘ஏழாயிரம்பண்ணை’யின் ழகரத்தை ஒருவர் ‘எல்’ என்று எழுதுகிறார், இன்னொருவர் ‘இசட் எச்’ என்று எழுதுகிறார். ‘பண்ணை’யைச் சேர்த்து எழுதுவார் ஒருவர், பிரித்து எழுதுவார் இன்னொருவர். தமிழ்நாட்டின் 1018 ஊர்ப்பெயர்களுக்குத் தமிழ் உச்சரிப்பை ஒட்டிய ஆங்கில எழுத்துக்கூட்டலை அரசு 2020 ஜூனில் அறிவித்துச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அரசாலேயே நிலைநிறுத்த முடியாத எழுத்துக்கூட்டல் ஒரு தாளில் ஒருவிதமாகவும் மறு தாளில் வேறுவிதமாகவும் இருப்பதை ஏமாற்று என்று படிக்கும் சல்லடை, ஊரை அறியாத சல்லடை.

இனி நீதிமன்ற ஆணைக்கு வருவோம். 2015இல் டெல்லிக் கைக்குழந்தைகள் மூவரின் சார்பில் தொடுக்கப்பட்ட அர்ஜுன் கோபால் வழக்கில், 2018 அக்டோபர் 23 அன்று நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, அசோக் பூஷண் ஆகியோர் தீர்ப்பளித்தார்கள். பசுமைப் பட்டாசு மட்டுமே, சரவெடி கூடாது, பேரியம் உப்பு கூடாது, உரிமம் பெற்ற வியாபாரி வழியாகவே விற்பனை என்பவற்றோடு, ஃபிளிப்கார்ட், அமேசான் உள்ளிட்ட மின்வணிகத் தளங்கள் எதுவும் இணையவழி ஆர்டர் ஏற்கவோ விற்கவோ கூடாது, மீறினால் நீதிமன்ற அவமதிப்பு என்றும் அதில் சொல்லப்பட்டது. தலைநகர் வட்டாரத்தில் பசுமைப் பட்டாசுக்குச் சில நாள் அனுமதி தந்த 2025 அக்டோபர் 15 ஆணையிலும் மின்வணிகத் தடை அப்படியே தொடர்ந்தது. தீர்ப்புக்குப் பின் இந்த வட்டாரத்து இணையதளங்கள் ஒரு வழி கண்டுபிடித்தன. உச்ச நீதிமன்ற ஆணைப்படி நாங்கள் இணையத்தில் விற்பதில்லை, வேண்டிய பட்டாசுகளைக் கூடையில் சேர்த்து ‘விசாரணை’ பொத்தானை அழுத்துங்கள், தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ உறுதிசெய்து பார்சல் சர்வீஸில் அனுப்புகிறோம் என்று ஏறக்குறைய ஒரே வாசகத்தைப் பல தளங்கள் போட்டிருக்கின்றன. கூடை இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, மொத்தத் தொகை இருக்கிறது, குறைந்தபட்ச ஆர்டர் தொகையும் இருக்கிறது. ‘வாங்கு’ என்ற சொல் மட்டும் இல்லை. நீதிமன்றம் தடுத்தது ஆர்டர் ஏற்பதை. பொத்தானின் பெயரை மாற்றியதால் ஆர்டர் விசாரணையாகிவிடாது. இந்த வழியை நம்பி இருக்கும் வியாபாரி, தன் கூடைத் தளத்தின் முகவரியை வரைபடப் பதிவில் கொண்டுபோய் இணைக்கிறபோது பதிவையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடுகிறார்.

ஆனால் தீர்ப்பின் எந்த வரியும் உரிமம் பெற்ற கடை தன் இருப்பிடத்தைச் சொல்லக் கூடாது என்று கூறவில்லை. உரிமம் பெற்ற வியாபாரியிடம்தான் வாங்க வேண்டும் என்பதே அதன் கட்டளை. அப்படியானால் அந்த வியாபாரி எங்கே இருக்கிறார் என்று மக்களுக்குத் தெரிந்தாக வேண்டும். 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தையும் 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளையும் ஒருசேரப் படித்தால் அவற்றின் மையம் இடம்தான் என்பது விளங்கும். பண்டிகைக் கால தற்காலிகக் கடைகளுக்கான 84ஆம் விதியை எடுத்துக்கொள்ளலாம். கொட்டகை தீப்பற்றாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும், கடைக்குக் கடை 3 மீட்டர், பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களிலிருந்து 50 மீட்டர், கடைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கக் கூடாது, ஒரே தொகுப்பில் 50 கடைக்கு மேல் கூடாது. எல்லாமே இடத்தைப் பற்றிய பேச்சு. உரிமம் ஆளுக்குத் தரப்பட்டாலும் அது இந்தப் புல எண்ணில், இந்த நான்கு சுவருக்குள் மட்டுமே செல்லும். அந்த வகையில் வரைபடப் பதிவு வெடிபொருள் சட்டத்தின் மனப்போக்குக்கு மிக நெருங்கியது. வாங்குகிறவரை அது உரிமம் பெற்ற அந்த நான்கு சுவருக்கே அழைத்து வருகிறது. விசாரணைப் பொத்தான் அப்படியல்ல. அது பொருளை அந்தச் சுவரைத் தாண்டி, எங்கோ ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் மற்ற மூட்டைகளோடு போட்டுவைக்கிறது. பட்டாசுக்கு விளம்பரம் ஏற்பதில்லை என்று கூகுள் தன் விளம்பரக் கொள்கையில் வைத்திருப்பதும், வெடிபொருள் விற்பனைக்கு இடமில்லை என்று வாட்ஸ்அப் தன் வணிகக் கொள்கையில் வைத்திருப்பதும் விற்பனையைப் பற்றியவை. அவற்றோடு சண்டை போட வேண்டியதில்லை. முகவரிக்காக மட்டும் போராடினால் போதும், அதில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது.

முகவரி மறைந்தால் யாருக்கு நஷ்டம் என்று பார்க்கிறபோதுதான் விஷயத்தின் முழுக் கனம் தெரிகிறது. பாதி விலையில் பட்டாசு என்று யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் செய்து, வாட்ஸ்அப்பில் பேசி, பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போகும் போலித் தளங்களைப் பற்றித் தமிழ்நாடு காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவு 2024 அக்டோபரில் எச்சரிக்கை வெளியிட்டது; ஏமாந்தவர்கள் 1930 என்ற எண்ணில் புகார் செய்யச் சொன்னது. இந்தப் போலித் தளங்களில் முதலில் கவனிக்க வேண்டியது பெயர். சிவகாசி என்ற சொல்லும் ஏதோ ஒரு சாமி பெயரும் சேர்ந்திருக்கும். உண்மைக் கடையின் பெயரும் அப்படித்தான் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய வாங்குகிறவருக்கு ஒரே வழி, இடம் இருக்கிறதா என்று பார்ப்பது: கடையின் படம், வழி, போய் வந்தவர்கள் எழுதிய கருத்து. உண்மைக் கடையின் பதிவு முடங்கிக் கிடக்கும் நாட்களில் அந்த ஒரே அடையாளமும் அழிந்து, கடையும் தளமும் சமமாகிவிடுகின்றன. போலிக்காரருக்கு முடக்கம் வலிப்பதில்லை, அடுத்த நாள் வேறு பெயரில் வருவார். பத்து வருஷத்துக் கருத்துகளை இழப்பது கடைக்காரர் மட்டுமே. மோசடியைத் தடுக்கப் போட்ட வேலிக்குள் மோசடிக்காரன் உலாவ, வீட்டுக்காரர் வெளியே நிற்கிறார்.

இதை அரசின் உரிம முடக்கத்தோடு ஒப்பிட்டால் குறை எங்கே என்பது துலங்கும். வெடிபொருள் சட்டத்தின் 6இ பிரிவு, உரிமத்தை எந்தெந்தக் காரணங்களுக்காக முடக்கலாம், ரத்து செய்யலாம் என்று வரிசைப்படுத்துகிறது: பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் அவசியம் என்றால், தகவலை மறைத்து உரிமம் பெற்றிருந்தால், நிபந்தனை மீறப்பட்டிருந்தால் என்பன போன்றவை. முடக்கும் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். உரிமம் பெற்றவர் கேட்டால் அதன் சுருக்கத்தைக் கொடுக்க வேண்டும். பொதுநலனுக்குக் கேடு என்று கருதினால் மட்டும் மறுக்கலாம். அடுத்த பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி செய்கிறது. இது 1884இல் வெள்ளைக்கார அரசு போட்ட அடித்தளத்தின்மேல் பின்னால் சேர்க்கப்பட்ட பகுதி. குடிமகனிடம் தாராளம் காட்டுவதற்காக எழுதப்பட்ட சட்டம் அல்ல. கையாளப்படும் பொருளோ ஒரு பொறியில் உயிர்களைக் கொண்டுபோகக்கூடியது. அப்படிப்பட்ட பொருளின் உரிமத்தை முடக்கும்போதே எழுத்தில் காரணமும் மேல்முறையீடும் சாத்தியம் என்றால், கடையின் முகவரியை முடக்கும்போது மட்டும் அது எப்படிச் சாத்தியமில்லாமல் போகும்?

காரணத்தைச் சொன்னால் மோசடிக்காரன் கற்றுக்கொள்வான் என்பது நிறுவனங்கள் தரப்பில் சொல்லப்படும் முதல் மறுப்பு. ஓரளவு உண்மை. ஆனால் ‘உன் பெயர்ப்பலகையில் இல்லாத சொல் பதிவில் இருக்கிறது’ என்று சொல்வதில் எந்த ரகசியமும் வெளியாகாது. அந்த விதியை நிறுவனமே எல்லோருக்கும் வெளியிட்டிருக்கிறது. ரகசியம் காக்க வேண்டிய விதிவிலக்குகளைச் சட்டத்தின் 6இ பிரிவே அனுமதிப்பதுபோல இங்கும் அனுமதிக்கலாம், விதிவிலக்கே வழக்கமாகிவிடக் கூடாது. இது தனியார் தரும் இலவச வசதி, அரசியலமைப்பின் சமத்துவ உரிமையெல்லாம் அரசைத்தானே கட்டுப்படுத்தும் என்பது இரண்டாவது மறுப்பு. சட்டத்தின் சொல்லளவில் சரி. ஆயினும் ஊரே ஒரு வரைபடத்தைப் பார்த்து நடக்கும்போது அந்த வரைபடம் கிட்டத்தட்டப் பொதுச் சாலையாகிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றி 2020 ஜூலை 12 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. வணிகப் பயனாளரின் சேவையை முடக்கும் தளம் அதே நேரத்திலாவது காரணத்தை எழுத்தில் தர வேண்டும். முற்றாக நிறுத்துவதென்றால் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். புகாரைக் கேட்க உள்ளே ஓர் அமைப்பு இருக்க வேண்டும். கூகுள் அங்கே இந்த விதிக்கு உட்பட்டே தொழில் நடத்துகிறது.

இந்தியாவில் என்ன நடக்கிறது? 2024 மார்ச் 1 அன்று கட்டணத் தகராறில் சில இந்திய நிறுவனங்களின் செயலிகளை கூகுள் தன் ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி டாட் காமின் பாரத் மேட்ரிமோனியும் அவற்றில் ஒன்று. மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்டார், சில நாட்களில் செயலிகள் திரும்பி வந்தன. அதே மேட்ரிமோனி நிறுவனம் தொடுத்த வேறொரு புகாரில்தான் 2018 பிப்ரவரி 8 அன்று போட்டி ஆணையம் தேடல் முறைகேட்டுக்காக கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பெரிய நிறுவனத்துக்கு ஆணையம் இருக்கிறது, அமைச்சர் இருக்கிறார். ஏழாயிரம்பண்ணைக் கடைக்காரருக்கு இருப்பது 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள். ஒவ்வொரு இடைநிலை நிறுவனமும் இந்தியாவில் குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும். வெளியான வடிவில் அந்த விதிகள் புகாரை 24 மணி நேரத்தில் ஏற்று 15 நாளில் தீர்க்கச் சொன்னன. 2022 அக்டோபர் திருத்தத்தின்படி அமைக்கப்பட்டு 2023 மார்ச் முதல் இயங்கும் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் அடுத்து போகலாம், இணையத்திலேயே மனு கொடுக்கலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. 30 நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது அக்குழுவுக்கான அறிவுரை. இந்த வழி இருப்பதை அறிந்த கடைக்காரர் அபூர்வம். பதிவை மீட்டுத் தருகிறேன் என்று சொல்லிப் பணம் வாங்கும் இடைத்தரகரைத்தான் முதலில் நாடுகிறார்கள்.

மூன்றாவது மறுப்பு இவற்றையெல்லாம்விடக் கனமானது: பட்டாசே வேண்டாத பொருள், காற்றையும் உயிரையும் கெடுப்பது, அதன் கடை கண்ணில் படாமல் போனால் நல்லதுதானே என்பது. இதைத் தள்ளிவிட முடியாது. 2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணைக்கு அருகே அச்சங்குளத்தில் ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலையைக் குத்தகைக்கும் உள்குத்தகைக்கும் விட்டு நடத்தியது விசாரணையில் வெளிப்பட்டது. 2023 அக்டோபர் 7 அன்று ஓசூரை அடுத்த கர்நாடக எல்லையில் அத்திபெலேயில் பட்டாசுக் கடையும் கிட்டங்கியும் எரிந்தபோது பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பலர் பண்டிகைக் கால வேலைக்குத் தமிழகத்திலிருந்து போன இளைஞர்கள். இந்தச் சாவுகளுக்கு முன்னால் ஒரு பதிவு முடங்கிய கதை சின்னதுதான். ஆனால் இந்த விபத்துகள் காட்டுவது என்ன? ஒரு பெயரில் உரிமம், இன்னொரு பெயரில் தொழில். அனுமதித்த அளவு ஒன்று, அடுக்கிய அளவு வேறு. கண்ணில் படாமல் நடப்பவையே இவை எல்லாம். உரிமம் பெற்ற கடையை மறைத்தால் பட்டாசின் தேவை குறையாது, அது மறைவிடத்துக்குப் போகும். உரிம எண்ணும் பெயரும் இடமும் ஒன்றோடொன்று பொருந்தி எல்லோர் கண்ணிலும் படுவது பாதுகாப்பின் ஒரு பகுதி. அந்த வகையில் ஒரே உரிமத்தில் மூன்று பெயரில் பதிவு வைக்கும் வழக்கமும் உள்குத்தகையின் இணைய வடிவமே. முடங்கியவர் மீட்புக்கு மனுப் போடுவதற்கு முன் அதைக் கைவிட வேண்டும்.

மீட்பு வேலையை எப்படிச் செய்வது என்பதும் இந்த வேறுபாட்டிலிருந்தே வருகிறது. முடங்கியதும் பதறிப் புதுப் பதிவு தொடங்குவது மிக மோசமான தவறு. ஒரே இடத்துக்கு இரண்டாவது பதிவு என்பதே இன்னொரு மீறல். மேல்முறையீட்டை உடனே அனுப்புவதும் தவறு. முதலில் பதிவைப் பெயர்ப்பலகைக்குப் பொருத்த வேண்டும், வால்களை வெட்ட வேண்டும். கூடைத் தளத்தின் இணைப்பு, விலைப்பட்டியல் படம், ஆர்டருக்கு அழைக்கவும் என்ற வாசகம் ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும். கடை பருவத்தில் மட்டும் திறந்திருக்குமானால் திறக்கும் நேரத்தை அதற்கேற்பக் குறிக்க வேண்டும். கூகுளின் மேல்முறையீட்டுக் கருவியில் சான்று சேர்க்கும் படிவத்தைத் திறந்துவிட்டால் 60 நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் ஏற்றியாக வேண்டும். அந்த நேரத்தில் ஆடிட்டரிடம் ஜிஎஸ்டி சான்றிதழ் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. உரிமத்தின் நகல், ஒப்புதல் வரைபடம், ஜிஎஸ்டி சான்றிதழ், மின் கட்டண ரசீது, பெயர்ப்பலகையும் சாலையும் ஒரே சட்டகத்தில் தெரியும் படம் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். தாள்களில் ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டல் வேறுபட்டால் அது ஒரே ஊர்தான் என்று ஒரு வரியில் விளக்க வேண்டும். உண்மையான வேலை இதற்கும் முன்னால், தை, மாசியிலேயே இருக்கிறது: மின் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றுவது, ஜிஎஸ்டி முகவரியில் புல எண்ணைச் சேர்ப்பது, எல்லாத் தாளிலும் ஒரே எழுத்துக்கூட்டலுக்கு வருவது. காணொளிச் சரிபார்ப்பு கேட்டால் சாலையிலிருந்து தொடங்கி, பலகையைக் காட்டி, பூட்டைத் திறந்து உள்ளே போவது வரை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்தாக வேண்டும். மனு தள்ளப்பட்டால் குறைதீர் அலுவலர், அதன்பின் மேல்முறையீட்டுக் குழு என்று தேதியோடு எழுத்தில் போக வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் நாள் போதாது. மனு அன்றன்றே போட்டாலும் குழுவுக்கு மட்டும் 30 நாள் ஆகலாம். அதற்கு முன்பு நிறுவனத்தின் சொந்த மேல்முறையீட்டிலும் குறைதீர் அலுவலரிடமும் போகும் நாட்கள் தனி. 78 நாள் பருவத்தில் புரட்டாசி பிறக்கும்போது முடங்கிய பதிவு, வழி எல்லாம் திறந்திருந்தும், தீபாவளிக்குத் திரும்பாது. ஆகவே தனி மனிதரின் மனுவை மட்டும் நம்பி இருக்க முடியாது. எந்தக் கடைக்கு உரிமம் இருக்கிறது என்பதை கூகுள் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த விவரம் மாவட்ட நிர்வாகத்திடமும், நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு சிவகாசியிலும் அலுவலகம் வைத்திருக்கும் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடமும் இருக்கிறது. உரிம எண், பெயர், புல எண், அட்சரேகை, தீர்க்கரேகை என்ற ஐந்து விவரத்தோடு விருதுநகர் மாவட்டத்துக் கடைகளின் பட்டியல் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே இடத்தில் வெளியானால், நிறுவனம் அதைப் பார்த்துச் சரிபார்க்கலாம், வாங்குகிறவர் போலித் தளத்தை அதில் தேடிப் பார்க்கலாம், ஒரே உரிமத்தில் மூன்று பெயர் வைத்திருப்பவரும் வெளிப்படுவார். இதற்குப் புதுச் சட்டம் தேவைப்படாது. தான் வழங்கிய அனுமதிகளையும் உரிமங்களையும் பெற்றவர்களின் விவரத்தை ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. அந்தப் பட்டியல் ஆனி முடிவதற்குள் வந்தால் ஆடிப் பதினெட்டுக்கு உதவும்.